நாலு அணித்தலைவர்களை வைத்த பிறகு உங்கள் வேலை என்ன?

கேள்வி:

ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 23 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் 2 மணியிலிருந்து 4 மணி வரை, பழைய பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) கட்டடத்தில் சிறுவர் கழகம் நடத்துகிறேன். 6 வயது முதல் 16 வயது வரை 38 பிள்ளைகள் வருகிறார்கள். நான் ஒரே ஆள். கத்திக் கத்தித் தொண்டை போய்விடுகிறது. ஒரு பயிற்சிப் பட்டறையில், பிள்ளைகளைச் சிறு அணிகளாகப் பிரித்து, பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றார்கள். அப்படியே செய்தேன். மூன்று கிழமைக்குள் எல்லாம் குழம்பிவிட்டது. பெரியவர்கள் அதட்டுகிறார்கள். ஒரு பையன் அடிமட்டத்தால் அடித்தே விட்டான். "என் பிள்ளை படிக்க வந்துச்சா, அடுத்தவன் பிள்ளைய பாத்துக்க வந்துச்சா?" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். தோட்டத்தின் மேல் டிவிசன் (பிரிவு) பிள்ளைகளும் கீழ் டிவிசன் பிள்ளைகளும் ஒரே அணியில் இருக்க மாட்டோம் என்கிறார்கள்.

இதற்கிடையில் தரம் 9 படிக்கும் 14 வயதுப் பையன் ஒருவன், தன்னைத் தலைவனாக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பாடசாலையில் அவன் கடைசி வாங்கு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். ஆனால் சின்னப் பிள்ளைகள் அவன் பின்னாலேயே ஓடுகிறார்கள். "வாசிக்கவே தெரியாதவனா தலைவன்?" என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்வது? பழையபடி நானே தனியாக நடத்துவதா? அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு கழகம் என்னவாகும் என்ற கவலையும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

பழையபடி தனியாக நடத்தப் போகாதீர்கள். நீங்கள் எடுத்த வழி சரியானதுதான். பட்டறையில் அதன் முன்பாதியை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளை அணியாகப் பிரிப்பது ஐந்து நிமிட வேலை. அந்த அணித்தலைவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது, எதை, எப்போது என்பதில்தான் மீதி அத்தனையும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெரிய பிள்ளைகளை நேரே கொண்டுபோய்ச் சின்னவர்கள் முன்னால் நிறுத்திவிட்டீர்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாத பிள்ளை, தான் பார்த்த வாத்தியாரைப் போலத்தான் நடக்கும். அதட்டல் கேட்டு வளர்ந்தது அதட்டும். அடிமட்டத்தால் அடி வாங்கியது அடிமட்டத்தைத் தூக்கும். அந்தப் பையனைக் கெட்டவன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதில்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவனாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். சின்னப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 1790களை ஒட்டிய காலத்தில் சென்னையில் இருந்த அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் இந்த மணல் எழுத்தைப் பார்த்தார். எழும்பூரில் தன் பொறுப்பில் இருந்த அநாதைப் பிள்ளைகளின் பள்ளியிலும் அதைக் கொண்டுவர நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் சரிவராது என்று கைவிரித்ததும், ஜோன் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்துகாட்டினான். பெல் இங்கிலாந்து திரும்பி 1797இல் இதை எழுதி வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது அங்கே பரவியது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற ஒரு முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

பிறகு என்ன ஆனது என்பதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெரிய மண்டபத்தில் ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவே சட்டாம்பிள்ளைகள் என்று அது வீங்கிப் போனது. சம்பளம் மிச்சம் என்பதே அதன் பெருமையாகிவிட்டது. சட்டாம்பிள்ளைக்குத் தன் வரிசையில் இருந்த பிள்ளைகளின் மனது தெரியாது. கட்டளை போடத் தெரியும், பிழை பிடிக்கத் தெரியும். பிள்ளைகள் ஒப்பித்தார்கள், விளங்கிக்கொள்ளவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்தே அதைக் கைவிட ஆரம்பித்தது. உங்கள் கழகத்தில் மூன்று கிழமையில் நடந்ததும் அதுவேதான். ஆள் பற்றாக்குறைக்கு மருந்தாக இதை எடுத்தால் இப்படித்தான் முடியும்.

சாரண இயக்கம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1907 ஓகஸ்ட்டில் அதைத் தொடங்கிய பேடன் பவல் ஏறக்குறைய 20 பையன்களை பிரவுன்சீ என்ற தீவுக்குக் கூட்டிப்போய் முகாம் போட்டபோது, அவர்களை நாலு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த பையனைத் தலைவனாக வைத்தார். அணி கலையாது. ஒன்றாகச் சமைக்கும், ஒன்றாகத் தூங்கும், இரவுக் காவலுக்கு முறைவைத்து ஒன்றாகப் போகும். தலைவனுக்கு ஐந்தாறு பேர்தான்; அந்த ஐந்தாறு பேரையும் அவனுக்குத் தெரியும். இந்த முறை மலைநாட்டுக்கும் அந்நியமில்லை. இலங்கையில் சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில்தான் தொடங்கியது. பெண் சாரணியம் 1917இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் தொடங்கியது. அணி முறை என்றால் இதுதான்: குறைந்த பேர், நீண்ட காலம், ஒரே தலைவர். இந்த மூன்றில் ஒன்று போனாலும் மிச்சம் இருப்பது சட்டாம்பிள்ளைதான்.

இனி உங்கள் 38 பேருக்கு வருவோம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை அணியில் சேர்க்காதீர்கள். உங்கள் கணக்கில் அவர்கள் ஆறேழு பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முன்பள்ளி ஆசிரியையான உங்களைவிட அவர்களுக்கு ஏற்ற ஆள் அந்தத் தோட்டத்தில் கிடைக்காது. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் 16 வயதுக்காரர்களையும் தனியாக எடுங்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மிச்சம் 28 பேர் அளவில் வந்தால் ஏழு பேர் வீதம் நாலு அணி. 13 முதல் 15 வயதில் ஒரு தலைவர், 11 அல்லது 12 வயதில் ஓர் உதவித்தலைவர், மற்ற ஐந்து பேர் சின்னவர்கள். தலைவருக்கும் சின்னவருக்கும் முடிந்தவரை மூன்று நாலு வயது இடைவெளி இருந்தால் நல்லது. அது மிகவும் கூடினால் பெரியவருக்குச் சலிப்பு வரும், சின்னவருக்குப் பயம் வரும். புலமைப்பரிசில் எழுதும் தரம் 5 பிள்ளையின் தலையில் அந்த வருடம் எந்தப் பொறுப்பையும் வைக்க வேண்டாம்.

மேல் டிவிசன், கீழ் டிவிசன் விஷயத்தில் என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முதலில் பிள்ளைகள் கேட்டபடியே பிரியுங்கள். பிரவுன்சீயில் பணக்காரப் பள்ளிப் பையன்களும் வேலைக்காரக் குடும்பத்துப் பையன்களும் ஒரே அணியில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் அங்கே இரவும் பகலும் சேர்ந்து வாழ்ந்தார்கள். உங்களுக்குக் கிடைப்பது கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். அதோடு 4 மணிக்குப் பனி இறங்கும்போது அந்தப் பிள்ளைகள் தேயிலைக்குள்ளால் நடந்து லயத்து வீடுகளுக்குப் போக வேண்டும். ஒரே பாதையில் போகிறவர்கள் ஒரே அணியில் இருந்தால், வழியில் குளவிக்கூடு கலைந்தாலும் மழை பிடித்தாலும் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வராது. கடைசிப் பிள்ளை லயத்து வாசலை மிதிக்கும் வரை தலைவருக்குப் பொறுப்பு என்று சொல்லுங்கள். வெறும் பாடம் சொல்லிக்கொடுப்பதைவிட அந்தப் பொறுப்பு ஒரு பிள்ளையை நிமிர்த்தும்.

டிவிசன் சண்டைக்கு மருந்து வேறு. ஒவ்வோர் அணிக்கும் மற்ற அணிகளுக்குத் தெரியாத ஒரு வேலையைக் கற்றுக்கொடுங்கள். மாதம் ஒரு தடவை ஓர் அணி இன்னோர் அணிக்கு அதைச் சொல்லிக்கொடுக்கட்டும். கீழ் டிவிசன் பிள்ளைக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொண்டு மேல் டிவிசன் பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டி வரும். "சேர்ந்து விளையாடுங்கள்" என்று நாம் சொல்லிப் பிள்ளைகள் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. ஒருவரிடம் ஒருவருக்கு வேலை இருந்தால் சேர்வார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். நாலு தலைவர்களும் நாலு உதவித்தலைவர்களும் மட்டும். ஞாயிறு அவர்கள் எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்களோ, அதை அன்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறகு அவர்கள் உங்களுக்கே திருப்பிச் சொல்லிக்கொடுக்கட்டும். ஞாயிறு இரண்டு மணித்தியாலத்தில் அணி நேரம் 20 நிமிடம், கூடினால் 25. அதற்கு ஒரேயொரு சின்ன விஷயம் போதும். "தமிழ் சொல்லிக்கொடு" என்றால் பிள்ளை திண்டாடிப்போகும். "ல, ள, ழ மூன்றும் வரும் சொற்கள் நாலு நாலு, ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும்" என்றால் செய்துவிடும்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு, சாரணர் பயிற்சியில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு கயிற்றை இணைக்கும் முடிச்சு ஒன்று உண்டு. வலதை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, பிறகு இடதை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று. சரியாகப் போட்டால் தட்டையாகப் படியும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் கோணிக்கொண்டு நிற்கும், இழுத்தால் வழுக்கும். அணித்தலைவன் சின்னவனுக்கு எதிரே உட்கார்ந்து காட்டுகிறான். "வலதை மேல போடு" என்கிறான். சின்னவன் காதில் விழுவது வலது. எதிரே கண்ணில் தெரிவது இடது பக்கம். முதல் சுற்றைக் காதை நம்பிப் போடுகிறான், இரண்டாவதைக் கண்ணை நம்பிப் போடுகிறான். முடிச்சு அவிழ்கிறது. தலைவனுக்குக் கோபம். "எத்தன தடவ சொல்றது!" சின்னவன் கை நடுங்குகிறது. அங்கே யாரிடமும் பிழை இல்லை. தலைவன் எழுந்து சின்னவனின் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால் முடிந்தது. இருவருக்கும் வலது ஒரே பக்கம். பிள்ளைகளின் கோபத்தில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். முறை தெரியாத இடத்தில் கை ஓங்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமைகளில் இதைத்தான் பழக்குங்கள்: பக்கத்தில் உட்கார். முதலில் செய்துகாட்டு, அப்போது பேசாதே. பிறகு அவனைச் செய்யவிடு. தடுமாறினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணு, அதற்குள் வாயைத் திறக்காதே. கயிறோ பென்சிலோ அவன் கையிலேயே இருக்கட்டும், பிடுங்காதே. இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை போகும். பெரியவர்களான நமக்கே அது கஷ்டம்.

தண்டனை பற்றிக் கண்டிப்பாக இருங்கள். எந்தத் தலைவருக்கும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அடி இல்லை, தோப்புக்கரணம் இல்லை, வெளியே நிறுத்துவது இல்லை. ஒரு பிள்ளை கேட்கவில்லை என்றால் உங்களைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். அடித்த பையனைத் தலைமையிலிருந்து எடுத்திருந்தால், இரண்டு மாதம் உதவித்தலைவனாக இருந்துவிட்டுத் திரும்ப வரலாம் என்று அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அடி வாங்கிய பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே போய்ப் பேசுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

அந்த 14 வயதுப் பையனைத் தலைவனாக்குங்கள். தயங்க வேண்டாம்.

தலைமைக்கு முதலில் வேண்டியது சின்னப் பிள்ளைகள் அவனிடம் போக விரும்புவது. அது அவனிடம் இருக்கிறது. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையிடம் அது இல்லாமலும் போகலாம். எழுத்துக்கூட்டி வாசிப்பதுதான் குறை என்றால், அந்தக் குறைக்கே இந்தப் பொறுப்பு மருந்தாகும். தரம் 9 பையன் கையில் தரம் 2 கதைப் புத்தகத்தைக் கொடுத்து "வாசி" என்றால் வெட்கத்தில் சுருங்கிப்போவான். "ஞாயிற்றுக்கிழமை சின்னதுகளுக்கு நீதான் கதை வாசிக்கிறாய், முதலில் எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு" என்று அதே புத்தகத்தைக் கொடுங்கள். இப்போது அது சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம். அவன் அதைக் கையில் வைத்திருப்பதில் எந்த வெட்கமும் இல்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குக் கால் மணித்தியாலம் முன்னதாக அவனை மட்டும் வரச் சொல்லுங்கள். ஒரே கதையை நாலைந்து தடவை வாசிக்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் அவனுக்கு இவ்வளவு காலமும் கிடைக்காத பயிற்சி. பாடசாலையில் அவனுடைய முறை வரும். ஒரு வரி தடுமாறுவான். அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இங்கே மாதம் நாலு கதை, ஒவ்வொன்றும் நாலைந்து தடவை. சில மாதங்களில் தரம் 3 புத்தகம், பிறகு தரம் 4. அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது உங்களுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சிரிக்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் விளக்கம் கொடுக்கப் போகவேண்டாம். அவனுடைய அணி ஒழுங்காக நடப்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இது வெறும் நம்பிக்கையில் சொல்வதல்ல. பிள்ளைகளைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்த 65 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 1982இல் தொகுத்துப் பார்த்தார்கள். படித்த பிள்ளைகள் முன்னேறியதோடு, சொல்லிக்கொடுத்த பிள்ளைகளும் அந்தப் பாடத்தைக் கூடுதலாக விளங்கிக்கொண்டார்கள், அதில் கூடுதல் விருப்பமும் காட்டினார்கள் என்று கண்டார்கள். சண்டைக்கு வந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதில் இருக்கிறது. ஆனால் ஆய்வைச் சொல்லி அவரை மடக்கப் பார்க்காதீர்கள். அவருடைய பயம் நியாயமானது. காலையில் கொழுந்து பறிக்கப் போய்ப் பின்னேரம் திரும்பும் ஒரு தாய், தன் பிள்ளையாவது இந்த வேலைக்கு வராமல் படித்து மேலே போகட்டும் என்று கணக்குப் பார்க்கிறார். இரண்டு மணித்தியாலத்தில் 20 நிமிடம்தான் மகள் சொல்லிக்கொடுக்கிறாள், மிச்ச நேரம் அவள் கற்றுக்கொள்கிறாள் என்பதைக் காட்டுங்கள். ஒரு ஞாயிறு பெற்றோரைக் கூப்பிட்டு, பேச்சு எதுவும் வைக்காமல், அணி நேரத்தைப் பார்க்கவிடுங்கள். தன் மகள் ஐந்து பிள்ளைகளுக்கு முன்னால் பயப்படாமல் பேசுவதைப் பார்த்த தாய் பிறகு வேறு மாதிரிப் பேசுவார்.

அந்த அம்மாவின் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். நம் தோட்டங்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் அவர்கள் தலையில். கழகத்துக்கு வந்தும் அதே வேலை என்றால் அது அநியாயம். பெண் பிள்ளையைத் தலைவராக்கினால் விசிலும் கயிறும் வரைபடமும் அவள் கைக்குப் போகட்டும். அழுகிற பிள்ளையைத் தூக்குவதும், தேத்தண்ணி ஊற்றுவதும், கோப்பை கழுவுவதும் பையன்களின் முறையிலும் சரிசமமாக வரட்டும். இதை எழுதி ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் மூன்றாவது கிழமை கோப்பைகள் பெண் பிள்ளைகளிடமே திரும்பி வந்துவிடும்.

பாதுகாப்பை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். அணிகள் எல்லாம் ஒரே கட்டடத்தில், கதவு திறந்திருக்க, உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். எந்தப் பெரிய பிள்ளையும் ஒரு சின்னப் பிள்ளையோடு தனியாக எங்கும் போகக்கூடாது, மலசலகூடத்துக்குக்கூட. போனால் மூன்று பேராகப் போக வேண்டும். தலைவரைப் பற்றிச் சின்னப் பிள்ளை முறையிட வேண்டுமானால் தலைவரைத் தாண்டி உங்களிடம் வர வழி வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு ஞாயிறும் முடிவில் சின்னவர்களோடு தலைவர்கள் இல்லாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பெரிய விஷயம் எதுவும் காதில் விழுந்தால் நீங்களே விசாரிக்கப் போகாமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இலக்கம் சுவரில் பெரிதாக இருக்கட்டும்.

அணிகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லவேண்டும், ஏனென்றால் உண்மையான வேலை இல்லாத அணி இரண்டு மாதத்தில் கலைந்துவிடும். 1979ஆம் ஆண்டு உலகச் சிறுவர் ஆண்டை ஒட்டி, டேவிட் மோர்லி என்ற மருத்துவர் லண்டனிலிருந்து ஒரு திட்டத்தைத் தொடக்கினார். பெரிய பிள்ளைகள் தம்பி தங்கைகளின் சுகாதாரத்தைக் கவனிக்கக் கற்றுக்கொள்வது அது. வயிற்றோட்டம் வந்த குழந்தைக்கு நீர்ச்சத்துக் குறையாமல் பார்ப்பது அதில் ஒன்று. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. ஜீவனி என்ற நீர்ச்சத்துக் கரைசல் பக்கற் கிடைத்தால் அதுவே நல்லது, அதையும் ஒரு லீற்றரில்தான் கரைக்க வேண்டும். ஓர் அணி இதை எடுத்துக்கொள்ளலாம். உப்புக் கூடினால் ஆபத்து என்பதால் அளவை நீங்கள் பக்கத்தில் நின்றே பழக்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மழைமானி வேலை. அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமான, நேரான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள். மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் போல உள்ளே வையுங்கள். அடியில் வளைவு இருந்தால் சிறு கற்களைப் போட்டு, வளைவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறியுங்கள். அதிலிருந்து மேலே அடிமட்டத்தின் மில்லிமீற்றர் கோடுகள். கூரைத் தண்ணீர் தெறிக்காத வெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு, பூச்சியக் கோடு வரைக்கும் கொட்ட வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகளைப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்று திடீரென்று கலங்குவது போன்றவற்றைக் கண்டால் அளவுக்குக் காத்திருக்கவே கூடாது. உத்தியோகபூர்வ அறிவித்தலுக்குப் பதிலாக இது இல்லை, அதோடு சேர்த்துத்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. மழையை அளக்கும் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும்போது பெரியவர்கள் காதுகொடுப்பார்கள். அந்த மழைமானி மேல் டிவிசனில் ஒன்று, கீழ் டிவிசனில் ஒன்று இருந்தால், இரண்டு அணிகளும் ஞாயிறு தங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றாக உட்கார்ந்தே ஆக வேண்டும்.

கடைசியாக உங்கள் கல்யாணம். மனப்பூர்வமான வாழ்த்துகள். நீங்கள் போன பிறகு பிள்ளைகளே கழகத்தை நடத்துவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொறுப்பான பெரிய ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். அறநெறிப் பாடசாலை ஆசிரியர், சங்கத்தில் இருக்கும் ஒரு தாய், சுகாதார உத்தியோகத்தர் என்று யாரையாவது இப்போதிருந்தே ஞாயிறுகளில் கூட வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு வந்த அந்த அம்மாவையே கேட்டுப் பார்த்தாலும் தப்பில்லை. கேள்வி கேட்கிற ஆள் பொறுப்பும் எடுப்பார். நான் தனியாக வைக்கச் சொன்ன 16 வயதுக்காரர்களிடம், பரீட்சை முடிந்ததும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படையுங்கள். அவர்கள் தலைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். முதல் மாதம் நீங்கள் நடத்த அவர்கள் பார்க்கட்டும், அடுத்த மாதம் அவர்கள் நடத்த நீங்கள் பாருங்கள். அந்த நேரத்தில் எதுவும் பேசாமல் பின் வாங்கில் உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை மட்டும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் அதில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுங்கள். மற்றதை அடுத்த வெள்ளிக்கு வையுங்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பாவது இதைத் தொடங்கிவிட வேண்டும்.